சித்தப்பா, அந்தப் பாட்டை முழுசாகப் பாடுங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வலது கண்ணுக்கு நாலு வேளையும் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறீர்கள் என்று சித்தி சொன்னார். சந்தோஷம். இதை உங்களுக்கு மட்டும் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊருக்கே தெரியட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் பேத்தி படித்துக் காட்டுவாள். நடுவில் சிரித்தால் அவளைத் திட்டாதீர்கள்.

கண்புரை ஆபரேஷனுக்காக மாயவரத்திலிருந்து வந்து எங்களோடு ஐந்து நாள் இருந்தீர்கள். திரும்பிப் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. மறந்து வைத்துவிட்டுப் போன சால்வையைக் கூரியரில் அனுப்பிவிட்டேன். விட்டுவிட்டுப் போன பாட்டைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

எந்தப் பாட்டு என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

காலை ஐந்தரை மணி. தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்ததால், பால்கனியில் நின்று ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஆரம்பிப்பீர்கள். முதல் வரி சுத்தமாக வரும். இரண்டாவது வரியில் பாதிக்கு மேல் வார்த்தை கிடையாது, ‘தனனா தானனா’தான். மூன்றாவது வரியின் வாசலில் போய் நிற்பீர்கள். மேலே ஏறப்போகிற மாதிரி ஒரு மூச்சை இழுப்பீர்கள். நானும் அடுப்படியில் கரண்டியோடு காத்திருப்பேன். அங்கே ஒரு செருமல். அப்புறம், “காபி ஆச்சா?” அவ்வளவுதான். பாட்டு அந்தரத்தில் நிற்கும்.

நீங்கள் காபியைக் குடித்துவிட்டு, வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுவீர்கள். எங்களுக்கு அங்கிருந்துதான் ஆரம்பம். இவர் ஷேவ் பண்ணும்போது அதே ஒன்றரை வரி. பையன் ஸ்கூல் வேனில் ஏறும்போதும் அதே ஒன்றரை வரி. அந்தப் பாட்டு வந்தபோது அவன் அப்பாவே பிறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மீட்டிங். வீட்டிலிருந்தபடியே கணினியில் பேசிக்கொண்டிருந்தோம். யாரோ கணக்கு விவரத்தைத் திறக்க நேரமாகிக்கொண்டிருந்தது. என் மைக் ஆனில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ‘தனனா தானனா’, அப்புறம் உங்களுடைய அதே மூச்சு. பதினாலு பேரும் கேட்டார்கள். சாயங்காலம் நாக்பூரிலிருந்து ஒரு சக ஊழியர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. திறந்து பார்த்தால் அந்த மெட்டை முனகியிருக்கிறார், “இது என்ன பாட்டு, மதியத்திலிருந்து போகவே மாட்டேன் என்கிறது” என்று.

மார்க் ட்வெய்ன் இதை 1876லேயே எழுதிவிட்டார். டிராம் வண்டி கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுவதைப் பற்றி ஒரு துணுக்குப் பாட்டு. நீல டிக்கெட், பழுப்பு டிக்கெட், இளஞ்சிவப்பு டிக்கெட் என்று அடுக்கிக்கொண்டே போகும். அதைப் பேப்பரில் படித்துவிட்டுத் தொடர்ந்து எழுத முடியாமல் தவிக்கிறார். பாதிரியாரான ஒரு நண்பரோடு நடக்கப் போகும்போது அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இவருக்கு உடனே விட்டுவிடுகிறது, அவரைப் பிடித்துக்கொள்கிறது. பாவம், அவர் சாவு வீட்டில் பிரசங்கம் செய்யப் போன இடத்திலும் அந்தத் தாளம்தான். கடைசியில் அவரை ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போய் மாணவர்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டு வருகிறார்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாக்பூருக்குக் கொடுத்த பிறகும் என்னிடம் அப்படியே இருக்கிறது.

இது நம் வீட்டு வியாதி மட்டும் இல்லை. பின்லாந்தில் லாஸி லீக்கனன் என்பவர் 12,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2012இல் எழுதியிருக்கிறார்: பத்தில் ஒன்பது பேருக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஒரு பாட்டு ஓடுகிறது. ஜெர்மன்காரர்கள் இதற்குக் ‘காதுப்புழு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் இங்கிலீஷிலும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அருவருப்பு ஒரு பக்கம், இடமும் தப்பு. நாம் என்ன சொல்கிறோம்? “காலையிலிருந்து அந்தப் பாட்டுதான் வாயில் வருது.” “வாயில் ஒட்டிக்கிச்சு.” காது என்று யாரும் சொல்வதில்லை. வாய்தான்.

அதுதான் சரி போலிருக்கிறது. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பிலிப் பீமனும் கூட இருந்தவர்களும் சிலருக்கு ஒட்டக்கூடிய பாட்டுகளைக் கேட்க வைத்து, பாதி நேரம் சூயிங்கம் மெல்லச் சொன்னார்கள். 2015இல் வந்த ஆய்வு. மெல்லும்போது பாட்டு தலைக்குள் வருவது குறைந்தது. மனதுக்குள் பாடும்போதுகூட வாயை அசைக்கிற ஏற்பாடு உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கிறதாம். வாய்க்கு வேறு வேலை கொடுத்தால் பாட்டுக்கு ஆள் கிடைப்பதில்லை.

இதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, சித்தப்பா. இத்தனை வருஷமாக நீங்கள் எங்கள் எல்லோருக்கும் பாட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற ரகசியம் அந்த வெற்றிலைச் செல்லம்! பாட்டைப் பாதியில் விட்ட அடுத்த நிமிஷம் வாயில் கொட்டைப்பாக்கு. உங்களுக்கு ஒட்ட அதற்கு வழியே இல்லை. (இதையே சாக்காக வைத்துக்கொண்டு ஒரு கவுளி கூட வாங்காதீர்கள். பாக்கைப் பற்றி டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.)

அடுத்த குற்றச்சாட்டு, அந்த ‘தனனா’. வார்த்தை தெரியாவிட்டால் சும்மா இருக்கலாம் இல்லையா? டெக்சாஸில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் தூக்கத்தைப் பற்றி ஆராய்கிறவர். படுக்கப் போகும் முன் சிலருக்குப் பிரபலமான பாட்டுகளை வரிகளோடும், சிலருக்கு அதே பாட்டுகளை வெறும் இசையாகவும் போட்டுக் காட்டினார். 2021இல் வந்தது. வரியோடு கேட்டவர்களுக்குத்தான் அதிகம் ஒட்டும் என்று நானும் நினைத்தேன். வெறும் இசை கேட்டவர்களுக்குத்தான் அதிகம் ஒட்டியிருக்கிறது. உங்கள் ‘தானனா’ ராத்திரி மூன்று மணிக்கு என்னை எழுப்பியது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

ஆனால் முக்கியக் குற்றம் பாதியில் நிறுத்துவது. மாயவரம் வீட்டில் ரேடியோவில் பாட்டு ஓடும்போது கரண்ட் போகும், ஞாபகம் இருக்கிறதா? யாரும் ஒன்றும் பேசமாட்டோம். ஆளுக்கு ஆள் மனதுக்குள் பாட்டை ஓட்டிக்கொண்டே இருப்போம், விரலால் தொடையில் தாளம். அரை நிமிஷத்தில் கரண்ட் வந்தால், ரேடியோ எங்கே வந்திருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பது ஒரு விளையாட்டு. அநேகமாக அப்பாதான் ஜெயிப்பார். நீங்கள் எப்போதும் ஒரு வரி முன்னால் போய் நிற்பீர்கள். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் இதே விளையாட்டை ஸ்கேனுக்குள் படுக்கவைத்துச் செய்து பார்த்து 2005இல் எழுதினார்கள். தெரிந்த பாட்டின் நடுவே சில விநாடி சத்தத்தை எடுத்துவிட்டால், மூளையில் கேட்கிற பகுதி நிற்காமல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. தெரியாத பாட்டென்றால் அந்த அளவுக்கு இல்லை.

முடியாத வேலை மனதை விடாது என்பதற்கு ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளரின் 1927ஆம் வருஷத்து ஆய்வைக் காட்டுவார்கள். பெர்லினில் ஒரு ஹோட்டல் சர்வர், பணம் வாங்காத மேஜைகளின் ஆர்டரை அப்படியே சொல்வாராம், பணம் வாங்கிய மறு நிமிஷம் மறந்துவிடுவாராம். அதிலிருந்துதான் அந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. பாட்டுக்கும் இது பொருந்துமா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போகவில்லை. அவர்கள் மெதுவாகப் பேசி முடிவு செய்யட்டும். எனக்குப் பதினொரு நாள் போதும்.

அதோடு நீங்கள் யாருடைய பிள்ளை? அப்பாயி எதையாவது பாதியில் விட்டதுண்டா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அபிராமி அந்தாதி நூறு பாட்டும் சொல்வார். மூன்றாம் வகுப்போடு நின்றவர், புத்தகம் பார்த்து நான் கண்டதில்லை. நடுவில் பால்காரர் வந்துவிடுவார். கணக்கு முடித்துவிட்டுத் திரும்பி வந்து, “எதுல விட்டேன்?” என்று கேட்பார். பக்கத்தில் இருக்கிற நாங்கள் முழுப் பாட்டையும் சொல்ல வேண்டாம். “துணையே” என்று கடைசி வார்த்தையை எடுத்துக்கொடுத்தால் போதும், “துணையும்” என்று அடுத்ததில் பிடித்துக்கொள்வார். ஒரு பாட்டின் வால் அடுத்ததின் தலை. நூறாவது பாட்டு “உதிக்கின்றவே” என்று முடியும். முதல் பாட்டு “உதிக்கின்ற” என்றுதான் ஆரம்பிக்கும். வட்டம்.

கற்பூரம் காட்டிக் கும்பிட்டு எழுந்த பிறகும், வாழைக்காய் நறுக்கிக்கொண்டே “உதிக்கின்ற” என்று அவர் வாய் தன்னால் முதலுக்குப் போய்விடும். கூப்பிட்டால் காதில் விழாது. யோசித்துப் பார்த்தால் அந்த வட்டத்தைப் போட்டவருக்கு இந்த ஒட்டுகிற வித்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது. “நெஞ்சில் எப்போதும் உதிக்கின்றவே” என்றுதான் கடைசி வரியே முடிகிறது. நான் இங்கே புலம்புகிற அதே நிலைமையை அபிராமி பட்டர் வேண்டிப் பெற்றுக்கொண்டிருக்கிறார். என்ன, அவருக்கு அம்பாள் கண் வந்து நின்றது. எனக்கு உங்கள் செருமல்.

எல்லா வைத்தியமும் பார்த்தாயிற்று. ஏலக்காய் மென்றேன், மெல்லும்வரை சரி. குறுக்கெழுத்து போட்டேன். ரொம்ப லேசாக இருந்தாலும் ரொம்பக் கஷ்டமாக இருந்தாலும் மனம் நழுவிப் பாட்டுக்குப் போய்விடும், நடுத்தரமாக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். நடுத்தரமாக ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாட்டு நாலு சுற்று வந்துவிட்டது.

கடைசியில் நேற்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டையே முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். பல்லவி, நடுவில் வருகிற வயலின், இரண்டு சரணம், எல்லாம். மூன்று தடவை. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. சித்தப்பா, மூன்றாவது வரி மேலே ஏறவே இல்லை. கீழே இறங்குகிறது. அதுவும் மெதுவாக, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற மாதிரி. நீங்கள் இழுக்கிற அந்தப் பெரிய மூச்சுக்கு அங்கே வேலையே கிடையாது. இத்தனை வருஷமாக இல்லாத ஒரு படியில் காலைத் தூக்கி வைக்கப் பார்த்துத்தான் ஒவ்வொரு தடவையும் காபி கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டு முடித்ததும் ராத்திரி முழுக்க நிம்மதி. காலையில் ஐந்தரைக்கு மறுபடி வந்துவிட்டது. பாடியவர் குரலில் வரவில்லை. உங்கள் குரலில், அந்த மூச்சோடு.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். பையனின் வரைபடத் தாளில் முழுப் பாட்டையும் ஸ்கெட்ச் பேனாவால் விரல் பருமனுக்கு எழுதி இன்று தபாலில் போட்டிருக்கிறேன். கண்ணாடி இல்லாமலே தெரியும், ஆனாலும் கண்ணைச் சுருக்கிப் பார்க்காதீர்கள். மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் ஓர் அம்புக்குறி, கீழ்நோக்கி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போன் பண்ணுகிறேன். வாயில் வெற்றிலை இல்லாமல் இருங்கள்.

சித்திக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்