காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதே

தம்பிக்கு,

இரண்டு நாளாகக் காய்ச்சல், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா என்னை உட்கார விடவில்லை. போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நாளைக்கே டாக்டரைப் பார். பார்க்கும்போது தீபாவளிக்கு ஊருக்கு வந்ததையும், தண்ணீர் கட்டி நின்ற சம்பா வயலில் வடிகால் வெட்ட வெறுங்காலோடு இறங்கியதையும், கொல்லையில் புல் புதர் அறுத்துப் போட்டதையும் விடாமல் சொல். பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளைக்கு எலிக்காய்ச்சல் இருக்குமோ என்று யாருக்கு சட்டென்று தோன்றும்?

நம் வயலில் எலி எவ்வளவு என்று உனக்கே தெரியும், கிட்டி வைத்து மாளவில்லை. அதன் மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் லெப்டோஸ்பைரா என்கிற எலிக்காய்ச்சல் கிருமி நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும், காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் அந்த வழியாக உள்ளே போய்விடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். கெண்டைக்காலைத் தொட முடியாத வலி, கண் சிவப்பு இருந்தால் அதையும் சொல். முற்றவிட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும்.

இன்னொன்று உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. கடித்த இடம் வலிக்காது. சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு மட்டும் இருக்கும், அதுவும் பெரும்பாலும் அக்குளிலோ தொடை இடுக்கிலோ. கூச்சப்படாமல் நீயே கண்ணாடி வைத்துப் பார்த்துவிடு. எல்லோருக்கும் பொருக்கு வராது, அதனால் இல்லை என்றதும் நிம்மதியாகப் படுத்துவிடாதே. இந்த இரண்டு காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின் கேட்கும், விலையும் குறைவுதான், ஆனால் நீயாகக் கடையில் வாங்கிப் போடாதே. வீட்டில் மிச்சம் கிடக்கிற அமாக்ஸிசிலினை எடுத்து விழுங்காதே, உண்ணிக் காய்ச்சலுக்கு அது கேட்காது.

டெங்குவாகவும் இருக்கலாம், அது உங்கள் ஊரிலும் உண்டு. எதுவென்று தெரியும்வரை உடம்பு வலிக்கிறதே என்று ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ போடவே கூடாது, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் கவனமாக இருக்கவேண்டும். விட்டுவிட்டது என்று குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள், அப்போதுதான் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்று ஆரம்பிக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மா நிலவேம்புப் பொடி அனுப்புகிறாள், குடிப்பதும் குடிக்காததும் உன் இஷ்டம், ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடாதே.

அப்புறம், ரப்பர் பூட்ஸ் வாங்கி வைக்கலாம் என்று பார்த்தேன், ஆட்கள் சிரிக்கிறார்கள். உழவுச் சேற்றில் அது மாட்டிக்கொண்டு காலோடு வராது என்பதும் வாஸ்தவம்தான். நடவுக்கு ஆகாவிட்டாலும் வாய்க்கால், வரப்பு வேலைக்கு ஆகும், உன் கால் அளவைச் சொல். காலில் புண் இருந்தால் வயல் பக்கமே வரவேண்டாம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா