மாத்திரை கொடுக்கும் முன் குடும்பத்தைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவிழா, சடங்கு, கல்யாணம் என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்குவது எங்கள் தோட்டப் பகுதியில் சாதாரணம். டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள். 'உங்கள் வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா?' என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும்.

பிரசவமான சில வாரத்தில் என் தங்கைக்கு இடது கால் தொடைவரை வீங்கியது. பச்சை உடம்பு, நீர் கோத்திருக்கும், ஒத்தடம் கொடு என்றார்கள் பெரியவர்கள். கம்பத்துக்கு இறக்கி ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தபோதுதான் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி தெரிந்தது. டாக்டர் குடும்பத்தை விசாரித்தார். தாய்மாமா நடுவயதிலேயே கால் வீங்கி, பிறகு திடீரென்று மூச்சுத் திணறி இறந்தவர். அம்மாச்சியின் காலை ஊரே யானைக்கால் என்றது.

ரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் என்ற புரதம் தங்கைக்குக் குறைவு. கர்ப்பத்தில் அதன் அளவு தானாகவே இறங்கும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினும் அதைக் குறைக்கும். அதனால் டாக்டர் மருந்தை நிறுத்தச் சொன்ன பிறகு, மாதங்கள் கழித்து மறுபடி சோதித்துத்தான் உறுதி செய்தார்கள்.

ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் கடிவாளம் பிடிப்பவை புரோட்டீன் சி, எஸ், ஆன்டித்ராம்பின். பெற்றோரில் ஒருவருக்கு இதில் மரபணுக் குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குறை இருந்தும் பலருக்கு ஆயுசுக்கும் கட்டி வராது. பிரசவம், ஆபரேஷன், நீண்ட படுக்கை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை என்று ஏதாவது கூடச் சேரும்போதுதான் ஆபத்து. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் நோர்எதிஸ்டிரோனிலும் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. இது தெரிந்த பிறகு, என் மகளுக்கு அதை வாங்கித் தர என்னால் முடியாது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டேன்.

1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறிந்த 'ஃபேக்டர் ஃபைவ் லைடன்' என்ற, ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் மரபணு மாற்றம் ஐரோப்பியர்களில் சுமார் 5 சதவீதம் பேரிடம் உண்டு, நம்மிடம் குறைவு. அதை வைத்து, இது வெள்ளைக்காரர் வியாதி என்று தள்ளிவிட வேண்டாம். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொள்பவர்கள் நாம். இரு பக்கமும் ஒரே குறை வந்து சேர்ந்து புரோட்டீன் சி அறவே இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு, சில நாட்களிலேயே தோலில் ரத்தம் உறைந்து கறுத்துவிடும். உயிருக்கே ஆபத்து.

கேரளமோ தமிழ்நாடோ, பிரசவ அட்டையில் சர்க்கரை, பிரஷரோடு 'குடும்பத்தில் ரத்தக்கட்டி உண்டா' என்று ஒரு வரி சேருங்கள். மருந்துக்கடைக்காரர்களே, சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைத் தராதீர்கள்.

ஒரு வாசகி,
வண்டிப்பெரியார், இடுக்கி மாவட்டம்