ஜூன் 13 நடைப்பயணம்: டினோர்விக் சிலேட்டுக் குவாரி

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஜூன் 13, சனிக்கிழமை, வட வேல்ஸின் லான்பெரிஸில் நடக்கிறோம். 1969இல் மூடப்பட்ட குவாரி இது. 2021 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் சிலேட்டு நிலப்பரப்பின் ஒரு பகுதி. சிறுவயதில் பலப்பத்தால் எழுதிய அதே சிலேட்டுதான், இங்கே மலை மலையாகக் கொட்டிக் கிடக்கிறது.

1. காலை 10 மணிக்கு ஏரிக்கரை வாகன நிறுத்துமிடத்தில் கூடுவோம். கட்டணம் உண்டு.
2. பழைய குவாரி மருத்துவமனை வழியாக ஏறி, ஆங்கில்சி பாரக்ஸ் வரை செல்வோம். ஆங்கில்சி தீவுத் தொழிலாளர்கள் வாரமெல்லாம் தங்கிய இடம். எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள். ஊருக்கெல்லாம் கூரைக்கல் பிளந்தவர்களின் வீடுகளுக்கு இன்று கூரை இல்லை. மதிய உணவு அங்கேதான்.
3. பிடிமானமுள்ள காலணி கட்டாயம். நனைந்த சிலேட்டு சோப்புக்கட்டிபோல வழுக்கும். போன தடவை செருப்போடு வந்தவர் யார் என்று சொல்லமாட்டேன்.
4. மழைச்சட்டை, தண்ணீர், சாப்பாடு அவரவர் பொறுப்பு. புளிசாதம் கொண்டுவருபவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் நல்லது.
5. வேலி தாண்டக் கூடாது, கற்குவியல் சரியும். குழந்தைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள்.

எத்தனை பேர், காரில் இடம் இருக்கிறதா, இடம் வேண்டுமா என்பதை ஜூன் 7 ஞாயிறு இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் வராது.