ஆசிரியர் வாசிப்பு வட்டம், கல்லடி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. மாரி மழைக்குப் படுவான்கரை வீதிகளில் வெள்ளம் ஏறியதால் மார்கழிக் கூட்டம் மட்டும் தைக்குத் தள்ளிப்போனது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டு முழுவதும் ஒரே கல்விச் சிந்தனையாளரை ஆற அமரப் படிப்பதென்று கடந்த பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். தெரிவானவர் ஜோன் டூயி. எங்களில் பலருக்கு அவர் கலாசாலைக் குறிப்புக் கொப்பியில் இருந்த ஒரு வரி. ‘செய்து கற்றல் – டூயி’ என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். அந்த மனிதர் எங்கே படிப்பித்தார், யாரோடு முரண்பட்டார் என்றெல்லாம் நாங்கள் கேட்டதில்லை.

1859 இல் அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தில் பிறந்தவர். பட்டம் பெற்ற கையோடு பென்சில்வேனியாவில் ஒரு சிறு நகரத்துப் பாடசாலையில் இரண்டு வருடம் படிப்பித்தார். அப்புறம் 1884 இல் மெய்யியலில் கலாநிதிப் பட்டம், மிச்சிகனில் விரிவுரை, 1894 இல் சிக்காகோ. இதுவரை எந்தப் பேராசிரியருக்கும் உள்ள பாதைதான். 1896 தையில் 16 பிள்ளைகளோடும் இரண்டு ஆசிரியர்களோடும் அவர் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். தன் கொள்கை சரியா பிழையா என்று பார்க்க ஒரு மெய்யியலாளர் பாடசாலையே நடத்தியிருக்கிறார்! எங்கள் வாசிப்பு சூடு பிடித்தது இங்கேதான்.

பிள்ளைகளுக்கு மேசை தேடி நகரத்துக் கடைகளெல்லாம் ஏறி இறங்கியதை அவரே எழுதியிருக்கிறார். ஒன்றும் சரிவரவில்லை. ஒரு கடைக்காரர் கடைசியில் சொன்னாராம், நீங்கள் கேட்பது பிள்ளைகள் வேலை செய்கிற மேசை, எங்களிடம் இருப்பதெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதற்கானவை என்று. இதை வாசித்ததும் ஒரு டீச்சர் தன் வகுப்பறைத் தளபாடங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்றைய நிகழ்ச்சிநிரலில் மிச்சம் எதையும் தொட முடியவில்லை.

அந்தப் பாடசாலையில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், மரவேலை செய்தார்கள். ஒரு குழு அரை மணி நேரம் இருந்து பஞ்சிலிருந்து கொட்டை பிரித்தது. கிடைத்தது ஒரு அவுன்சுக்கும் குறைவு. பழைய காலத்து மக்கள் பருத்தியை விட்டுக் கம்பளி உடுத்ததன் காரணம் அவர்களுக்கு அப்போது விளங்கியதாம். வரலாறும் பொருளியலும் ஒரு பிடி பஞ்சில் வந்துவிட்டன.

எங்கள் அங்கத்தவர் ஒருவர் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பெரும்போக அறுவடை முடிந்ததும் தரம் 4 வகுப்புக்கு உரலும் உலக்கையும் சுளகும் கொண்டுபோனார். பிள்ளைகள் நெல்லைக் குத்திப் புடைத்து, அரிசி, தவிடு, உமி மூன்றையும் தனித்தனியே நிறுத்தார்கள். பின்னக் கணக்கு அதிலேயே நடந்தது. “மில் அரிசி மட்டும் ஏன் சேர் இவ்வளவு வெள்ளை?” என்று ஒரு பையன் கேட்க, தவிட்டில் போகிற சத்துப் பற்றி அடுத்த பாடம் தானாக வந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடந்தானே இருக்கிறது, இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. பரீட்சையை நாங்கள் மாற்றப்போவதில்லை.

மூத்த அங்கத்தவர் ஒருவர் இலங்கையின் 1972 கல்விச் சீர்திருத்தத்தில் வந்த தொழில்முன்னிலைப் பாடங்களை, அதாவது ஒரு தொழிலைக் கையால் செய்து பழகும் பாடங்களை, நினைவூட்டி, 1977 ஆட்சி மாற்றத்தோடு அவை போன கதையையும் சொன்னார். கையால் செய்கிற பாடம் என்றால் எங்கள் பெற்றோர் தங்கள் பிள்ளையைத் தொழிலாளியாக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைக்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. இந்த வாதம் முடியவில்லை. அதோடு, பிள்ளைகளைத் தம் பாட்டுக்கு விட்டால் கூத்துத்தான் மிஞ்சும் என்று அவர் சொன்னபோது, டூயியே எண்பதை நெருங்கும் வயதில், 1938 இல், வழிகாட்டல் இல்லாத ‘முற்போக்கு’ப் பாடசாலைகளைக் கண்டித்து எழுதியதை எடுத்துக் காட்டினோம். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

சிக்காகோவில் டூயி நிலைக்கவில்லை. பாடசாலை 140 பிள்ளைகள் வரை வளர்ந்தது. அதன் அதிபராயிருந்த மனைவி அலிஸின் பதவி தொடர்பாகப் பல்கலைக்கழகத் தலைவரோடு முரண்பட்டு 1904 இல் விலகினார். பிறகு நியூயோர்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1930 வரை. ‘ஜனநாயகமும் கல்வியும்’ 1916 இல் வந்தது. கொலம்பியாவில் அவரிடம் படித்தவர்களில் அம்பேத்கரும் ஒருவர் என்பது பலருக்குப் புதுச் செய்தி. 1919 முதல் 1921 வரை சீனாவில் விரிவுரையாற்றினார். 1952 இல் 92 வயதில் காலமானார்.

“விபுலாநந்த அடிகளை வைத்துக்கொண்டு ஏன் வெள்ளைக்காரரைப் படிக்கிறீர்கள்?” என்று பலர் கேட்டுவிட்டார்கள். சரி, அடுத்த ஆண்டு அடிகள்தான். 1892 இல் காரைதீவில் பிறந்தது முதல், கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலயம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 இல் ஏற்ற தமிழ்ப் பேராசிரியர் பதவி என்று ஒழுங்காகப் போவதாக நிர்வாக சபை முன்மொழிகிறது.

கடைசியாக, டூயி கட்டுரைகளின் போட்டோகொப்பிகளில் பல இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் தேநீர் இடைவேளைக்குள் என்னிடம் தரவும்.

செயலாளர்