வலிக்கவில்லை என்று எழுதியிருந்தாயே!

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மலாக்காவில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை, மற்றபடி நலம்.

உன் கடிதத்தில் ஒரு வரிதான் உறுத்துகிறது. செந்தூலில் வெள்ளம் வடிந்தபின் வாசலைக் கழுவும்போது தகரம் காலைக் கிழித்ததாம், வாரமாகியும் ஆறவில்லையாம். ஆனால் வீக்கமும் வலியும் இல்லை, அதனால் பயமில்லையாம்! நீ ஒரு சர்க்கரை நோயாளி என்பது ஞாபகம் இருக்கிறதா?

லேப்பிலேயே ஆயுசைக் கழித்தவன் சொல்கிறேன், கேள். புண் சிவந்து, சூடாகி, வீங்குவது பெரும்பாலும் நம் உடம்பே செய்கிற வேலை. தோலுக்கடியில் மேக்ரோஃபேஜ் என்ற, கிருமியை விழுங்கும் காவல் செல்கள் எப்போதும் குடியிருக்கும். சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருளை இந்தக் காவல் செல்களின் டிஎல்ஆர்-4 என்ற உணரி கண்டுபிடித்துவிடும். உடனே செல் டிஎன்எஃப், இன்டர்லூக்கின் போன்ற சேதி சொல்லும் புரதங்களை வெளியே விடும். பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்து கசியும். சிவப்பு, சூடு, வீக்கம் எல்லாம் அதனால் வருவது. குழாயின் உட்சுவர் பசை தடவியதுபோல் ஆகிவிடும். ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் உருண்டு, ஒட்டி, இடுக்கு வழியாக வெளியேறிக் கிருமியை விழுங்கும். சீழை எடுத்து, கிருமிக்கு நிறமேற்றும் கிராம் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இவைதான் குவியல் குவியலாகக் கிடக்கும். மூன்று நான்காகப் பிளந்த கரு, சிலவற்றின் வயிற்றில் விழுங்கிய கிருமி அப்படியே. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

அதே இன்டர்லூக்கின் மூளைக்குச் சேதி அனுப்பினால் காய்ச்சல். கல்லீரலுக்கு அனுப்பினால் அது சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கும். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

சர்க்கரை ஏறிய உடம்பில் இந்த நியூட்ரோபில்கள் மந்தமாகிவிடும். கால் நரம்பும் மரத்துப்போயிருக்கும். அப்புறம் எப்படி வலிக்கும்? உள்ளே கிருமி பெருகினாலும் வெளியே ஆரவாரம் இருக்காது.

இன்னொன்று. வெள்ளத்திலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா இருக்கலாம். அந்த நோய்க்கு 1921-ல் பெயர் வைத்ததே உங்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும்தான். விழுங்கிய செல்லுக்குள்ளேயே பிழைத்துக்கொள்ளும் பொல்லாத கிருமி. சர்க்கரைக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கும். எல்லா வெட்டுக்காயமும் அதுவாகிவிடாது, சும்மா பயமுறுத்தவில்லை. இருந்தாலும் உனக்கு ஏன் வம்பு?

மஞ்சள் பற்றெல்லாம் வேண்டாம். நாளைக்கே கிளினிக் போ. வெள்ளத் தண்ணீர் பட்டது, சர்க்கரை இருக்கிறது, இரண்டையும் நீயாகவே சொல். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டாய் என்று கேட்பார்கள், யோசித்து வை. என்ன சொன்னார்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுது; உன் அடுத்த கடிதம் வரும்வரை எனக்குப் பொறுமை கிடையாது.

உன்,
மாணிக்கம்