நாளைக்குப் பேசிக்கலாம்

அன்புள்ள மாமிக்கு,

போன வாரம் ஒரு தயாரிப்பாளர், என் பழைய இந்தி சீரியலை வெப் சீரிஸாக எடுக்கலாமா என்று கேட்டார். ஸ்கிரிப்டுகளைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். 400 எபிசோடில் தேறியது ஒரே வரி. அதுவும் என்னுடையது இல்லை, உங்களுடையது.

மும்பை மாதுங்காவில் நம் கட்டிடத்தில் முதலில் டிவி வாங்கியது நீங்கள்தான். 1984-இல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' இந்தித் தொடர் பார்க்க வந்தவர்களின் செருப்பு மாடிப்படி வரை கிடக்கும். ஒவ்வொரு எபிசோடின் கடைசியிலும் இந்தி நடிகர் அசோக் குமார் வந்து பேசுவதை நான்தான் உங்களுக்குத் தமிழில் சொல்வேன். பாதி புரியாது, அளந்துவிடுவேன். நான் எழுதிய முதல் வசனம் அதுதான் போலிருக்கிறது! அதில் எல்லாவற்றையும் பொறுத்துப் போகும் அம்மா பகவந்தியைப் பார்த்து, பெண்கள் இப்படி அடங்கிப் போகக் கூடாது என்று தோன்ற வேண்டும். தொடரை எடுத்தவர்களின் கணக்கு அது. நீங்களோ 'இவளை மாதிரி யாரு இருப்பா' என்று கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். நாடு முழுக்க நிறைய பேர் அப்படித்தான் பார்த்தார்கள் என்று பின்னால் படித்தேன்.

வீட்டில் சண்டை வந்தால் நீங்கள் குரலை உயர்த்தியதில்லை. மருமகள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் விடுவீர்கள். "சாப்பிடு. நாளைக்குப் பேசிக்கலாம்." மறுநாள் யாரும் பேச மாட்டார்கள். சண்டை ரசத்தோடு போய்விடும்.

அதை அப்படியே தூக்கி என் வில்லி மாமியார் வாயில் வைத்தேன். முகத்துக்கு மூன்று ஜூம், இடிச் சத்தம், ஃப்ரீஸ். டிஆர்பி ஏறியது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த வரி வேண்டும் என்றார்கள் சேனல்காரர்கள். அவள் அதைச் சொன்னால் மறுநாள் பாலில் விஷம், இல்லை மாடிப்படியில் எண்ணெய். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் நான். எண்ணெய் என் வேலை இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வரி என் வேலை.

2008 நவம்பரில் சினிமா, டிவி தொழிலாளர்கள் செய்த ஸ்டிரைக்கில் ஷூட்டிங் நின்று, சேனல்கள் பழைய எபிசோடுகளையே ஓட்டின. எழுத ஒன்றும் இல்லாமல் உங்கள் வீட்டுக்கு வந்தேன். டிவியில் என் சீரியல். இடி இடித்தது. உங்கள் மருமகள் என்னைப் பார்த்தாள், அப்புறம் உங்களைப் பார்த்தாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுந்து போய் இன்னொரு அடை கொண்டுவந்து போட்டீர்கள்.

"சாப்பிடுடா. நாளைக்குப் பேசிக்கலாம்."

தயாரிப்பாளருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் மாமி. பேசலாம்.