ஆறு துண்டுக் கண்ணாடி

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் நோவு குறைந்துவிட்டது என்று வாசித்த பிறகுதான் மிச்சத்தை வாசிக்க மனம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, இப்போது காலையில் பேப்பரை எனக்கு முன்னாலேயே எடுத்து வாசிக்கிறா. கடையில் வேலைக்குக் குறைவில்லை. காலி வீதிப் பக்கம் எங்கே பார்த்தாலும் மாடிக் கட்டடம் எழும்புகிறது, எல்லாவற்றுக்கும் கண்ணாடி வேண்டும்.

உன் பின்னேர வகுப்பில் ஒளி முறிவுப் பரிசோதனைக்கு நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கண்ணாடிக் குற்றி, அதுவும் மூலை உடைந்தது என்று எழுதியிருந்தாய். அந்த வரி என்னை விடவில்லை. முப்பது வருடமாகக் கண்ணாடி வெட்டுகிறவன் நான், இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காவிட்டால் எப்படி என்று யோசித்தேன். மகளும் உயர்தரத்துக்குப் பௌதிகவியல்தான் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குசினி மேசையில் இருந்து செய்து பார்த்தோம்.

வெட்டி மிஞ்சிய பத்து மில்லிமீற்றர் கண்ணாடியில் ஆறு துண்டு எடுத்தேன். ஒவ்வொன்றும் பதினைந்து சென்ரிமீற்றர் நீளம், ஐந்து உயரம். விளிம்பைத் தேய்த்து, ஆறையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கடதாசியில் நிறுத்தினால் அறுபது மில்லிமீற்றர்க் குற்றி ஆகிவிடுகிறது. வழக்கம்போல ஒரு பக்கம் இரண்டு ஊசி குத்தி, மற்றப் பக்கத்திலிருந்து கண்ணாடிக்கூடாகப் பார்த்துக் கதிரின் வழியைக் கீற வேண்டும். ஆனால் முதலில் பார்த்தபோது அந்தப் பக்கத்து ஊசிகள் மங்கலாகத் தெரிந்தன, பக்கத்தில் ஆவி மாதிரி வேறு ஊசிகளும். காரணம் உனக்குத் தெரியும்: ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சம் தெறித்துத் திரும்புகிறது. ஆறு துண்டுக்குப் பன்னிரண்டு முகம். கடைசியில் அறுபது பங்குதான் நேரே வந்து சேரும். மகள்தான் இடுக்குகளில் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொன்னாள். தண்ணீர் இடுக்கு முழுக்கத் தானாகவே பரவியது. மச்சான், அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஆறு துண்டும் ஒரே கட்டியாகிவிட்டன! ஊசிகள் பளிச்சென்று தெரிந்தன. ஒளியை எவ்வளவு முறிக்கும் என்று காட்டும் முறிவுச் சுட்டி தண்ணீருக்கு 1.33, கண்ணாடிக்கு 1.5, இரண்டும் கிட்டக் கிட்ட இருப்பதால் தெறிக்க அதிகம் இல்லை. லேசான பச்சை நிறம் மட்டும் மிஞ்சியது. அது கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பின் நிறம்.

முகத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்து, கதிர் வந்து விழும் படுகோணத்தை 45 பாகை வைத்தோம். கண்ணாடிக்குள் முறிகோணம் 28 வந்தது. வெளியே வரும் கதிர் உள்ளே போன படுகதிருக்குச் சமாந்தரம், அது பக்கவாட்டில் நகர்ந்த தூரம், அதாவது பக்கப் பெயர்ச்சி, கிட்டத்தட்ட 20 மில்லிமீற்றர். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தோம். மூன்று துண்டுக்குப் பத்து மில்லிமீற்றர், ஒரு துண்டுக்கு மூன்று சொச்சம். ஒற்றைக் குற்றியில் இதைச் செய்யவே முடியாது. பிள்ளைகள் தடிப்புக்கும் பெயர்ச்சிக்கும் தாங்களே வரைபு கீறலாம், நேர்கோடு வரும். வீட்டு யன்னலுக்கு வெளியே உலகம் ஏன் இடம் மாறித் தெரிவதில்லை என்பதும் அதில் விளங்கிவிடும்: நாலு மில்லிமீற்றர்க் கண்ணாடி, சரிவாகப் பார்த்தாலும் ஒரு மில்லிமீற்றர் சொச்சம்தான் நகர்த்தும்.

மகள் ஒரு கேள்வி கேட்டாள். “உள்ளுக்குப் போய்த் திசை மாறின கதிர், வெளியில வரேக்க பழைய திசைக்கே திரும்புதே அப்பா, அதுக்கு ஆர் ஞாபகப்படுத்தினது?” நீயும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்த காலத்தில் இப்படிக் கேட்கவில்லை. இதே பரிசோதனைக்கு விடை சமாந்தரம் என்று தெரியும், மூலைமட்டத்தை வைத்து முதலில் கோட்டைக் கீறிவிட்டு அதன் மேல் ஊசி குத்தினோம். சேருக்கும் தெரிந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை. அதை நினைக்க இன்றைக்கும் எனக்குக் கவலையாக இருக்கிறது. கண்ணால் காண வேண்டிய ஒன்றைக் காணாமலே விட்டுவிட்டோம்.

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் தள்ளும் கைவண்டியைச் சொல்லித்தான் அவளுக்கு விளக்கினேன். தார் ரோட்டில் போகிற வண்டி ஒரு சேற்றுப் பட்டைக்குள் சரிவாக இறங்குகிறது. முதலில் சேற்றைத் தொடும் சில்லு மெதுவாகும், மற்றது பழைய வேகத்தில் வரும், வண்டி திரும்பிவிடும். இரண்டு சில்லும் சேற்றுக்குள் வந்த பிறகு நேரே போகும். அந்தப் பக்கம் ஏறும்போது, முதலில் இறங்கிய அதே சில்லுதான் முதலில் ஏறும். அது வேகம் பிடிக்க, வண்டி அதே அளவு எதிர்ப் பக்கம் திரும்பும். ஞாபகம் ஒன்றும் தேவையில்லை, இரண்டு கரையும் சமாந்தரமாக இருந்தால் போதும். கரைகள் ஒன்றுக்கொன்று சரிந்திருந்தால் அது அரியம் என்கிற முக்கோணக் கண்ணாடி மாதிரி, கதிர் பழைய திசைக்கு வராது. வெளிச்சம் உண்மையிலேயே மெதுவாகிறதா என்றும் கேட்டாள். கண்ணாடிக்குள் செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர், வெளியே மூன்று இலட்சம். ஒளி சிறு துணிக்கைகளால் ஆனது என்ற நியூட்டனின் கொள்கைப்படி உள்ளே வேகம் கூட வேண்டும். ஆனால் 1850 இல் பாரிஸில் ஃபூக்கோ என்ற விஞ்ஞானி தண்ணீருக்குள் ஒளியின் வேகம் குறைவு என்று செய்தே காட்டினார்.

நீ அனுப்பிய தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ஒளிவிலகல் என்று இருக்கிறது. எனக்கு எங்கள் ‘முறிவு’தான் பிடிக்கும். கதிர் உள்ளே வளைந்து வளைந்து போவதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது முகத்தில் ஒரே இடத்தில் முறிகிறது, உள்ளே கோடு நேர்தான். சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது.

வகுப்பில் செய்யும்போது ஊசிகளின் தலையைப் பார்க்க விடாதே, அடியைப் பார்க்கச் சொல். ஊசி கொஞ்சம் சரிந்திருந்தாலும் பிழை வராது. இரண்டு ஊசிக்கும் இடையில் ஐந்து சென்ரிமீற்றராவது இருக்கட்டும். கோணம் 30 இல் தொடங்கி 60 வரை போதும். அதற்குக் குறைந்தால் பெயர்ச்சியை அளப்பது கஷ்டம்.

கடையில் மிச்சத் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன. நாலு பிள்ளைக்கு ஒரு கட்டு என்றால் பத்துக் கட்டு, அறுபது துண்டு. பிள்ளைகளின் கை கிழியாமல் எல்லா விளிம்பையும் நானே தேய்க்கிறேன். பாரம் இருபத்தைந்து பவுண்டு அளவில் வரும், பார்சலில் போட்டால் உடைந்துவிடும் என்று பயம். அடுத்த மாதம் உதய தேவி ரயிலில் நானே மட்டக்களப்புக்குக் கொண்டு வருகிறேன். எந்தச் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது என்று எழுது. மகளும் வர நிற்கிறாள்.

அன்புடன்,
உன் வாங்குத் தோழன்